அப்டேட் அவர்களுடையது, அவதி நம்முடையதா?

ராத்திரி படுக்கும்வரை போன் நன்றாகத்தான் இருந்தது. 'புதிய அப்டேட் தயார்' என்று நாலைந்து நாளாகத் திரையில் வந்து வந்து நின்றது. எத்தனை முறைதான் தள்ளிப்போடுவது என்று அழுத்தியாயிற்று. மறுநாள் காலை நூறு சதவீதத்தோடு கிளம்பிய போன், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது. சட்டைப் பையில் வைத்தால் சுடுகிறது. முந்தாநாள் வரை பொழுது சாயும் நேரத்திலும் பாதி சார்ஜ் மிச்சம் வைத்திருந்த அதே போன், அதே பேட்டரி.

சென்னையில் இருப்பவருக்கு இது எரிச்சல். மேசைக்கு மேசை பிளக் பாயின்ட் இருக்கிறது, சொருகிவிட்டு வேலையைப் பார்ப்பார். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இது பிழைப்பைத் தொடும் விஷயம். நவம்பர் தொடங்கி மார்ச் வரை கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் பார்க்கக் கூட்டம் வரும். உலகின் முக்கிய ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2022-ல் இடம்பிடித்த பறவை ஏரி இது. சீசனில் இளநீரும் வேர்க்கடலையும் விற்பவர்களுக்கு ஸ்கேன் செய்து வருகிற பணம்தான் பெரும்பகுதி. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டிக்கு வாடகை கட்ட முடியாதவர், தன் போனைப் பார்த்துத்தான் பணம் வந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும். போன் அணைந்துவிட்டால், 'அனுப்பிட்டேன்' என்று காரில் ஏறுபவரை நம்பி விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நூறு நாள் வேலைத் தளங்களில் வருகைப் பதிவை என்.எம்.எம்.எஸ். செயலி வழியாக மட்டுமே செய்ய வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிந்த படம் ஏற வேண்டும். இதைச் செய்பவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். போனும் பெரும்பாலும் அவருடைய சொந்தப் போன். கேமரா, ஜி.பி.எஸ்., இணையம் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுவது பேட்டரிக்குக் கடுமையான வேலை, அதுவும் வெட்டவெளி வெயிலில். காலைப் படம் ஏறிவிடும். இரண்டாவது படத்துக்கு ஆட்களை வரிசையாக நிறுத்தும்போது போன் அணைந்தால், மண் வெட்டிச் சுமந்த அத்தனை பேரின் அன்றைய கூலியும் கேள்விக்குறி. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண்தான். போனுக்கு மென்பொருள் அனுப்பிய நிறுவனத்தின் பெயர்கூட அந்த இடத்தில் அடிபடாது.

அங்கன்வாடியிலும் இதே கதை. போஷன் டிராக்கர் செயலியில் பயனாளியின் முகத்தைப் பதிந்த பிறகே வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவு என்ற முறை 2025 ஜூலை 1 முதல் வந்திருக்கிறது. புயல் காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மிக்ஜாமும் ஃபெஞ்சலும் வந்து போன மாவட்டம் இது. மின்சாரம் எப்போது திரும்பும் என்று தெரியாத ராத்திரிகளில் போனில் உள்ள சார்ஜை மக்கள் எப்படிப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறார்கள் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அப்டேட் முடிந்த முதல் இரண்டொரு நாள் சார்ஜ் வேகமாக இறங்குவது இயல்பு. போன் தன்னிடமுள்ள படங்களையும் கோப்புகளையும் மறுபடி வகைப்படுத்தும். செயலிகளைப் புதிய இயங்குதளத்துக்கு ஏற்பத் தயார் செய்யும். வேலை முடிந்ததும் தானாக அடங்கிவிடும். ஒரு வாரமாகியும் அடங்காத வடிதல்தான் பிரச்னை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. புது மென்பொருளோடு ஒத்துப்போகாத செயலி ஒன்று போனைத் தூங்கவிடாமல் பின்னணியில் எழுப்பிக்கொண்டே இருக்கலாம். நாம் கேட்காத புதிய வசதி ஒன்று தானாகவே இயக்கத்துக்கு வந்திருக்கலாம். சிக்னல் மெலிந்த இடங்களில் போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் இடையே அலையும். டவர் தூரத்தில் இருந்தால் அதை எட்டுவதற்கு அதிக மின்சாரம் செலவழிக்கும். மோடத்தின் மென்பொருளில் வருகிற சிறு மாற்றம், டவர் அடர்ந்த நகரத்தில் தெரியாது. வயலும் ஏரியுமான ஊரில் அரை நாள் சார்ஜைக் குடித்துவிடும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் கவுன்டரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "போன் பழசாயிடுச்சும்மா, பேட்டரி மாத்திடுங்க." லித்தியம் அயான் பேட்டரிக்கு வயதாகும் என்பதும், வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் பேட்டரி அப்டேட்டுக்கு முந்தைய நாளும் அதே வயதுதானே? ஒரே ராத்திரியில் மாறியது மென்பொருள் மட்டும்தான். அதை மாற்றியவர் போனை விற்றவர். வீட்டைக் கட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு போன மேஸ்திரி, ஒரு நாள் ராத்திரி வந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சிறிதாக்கிவிட்டுப் போனால் 'வீடு பழசு' என்ற பதிலை ஏற்றுக்கொள்வோமா?

பழைய மென்பொருளுக்கே திரும்பலாம் என்றால் அந்தக் கதவும் பெரும்பாலும் சாத்தப்பட்டிருக்கிறது. ஆப்பிள் புதிய பதிப்பு வந்த சில வாரங்களிலேயே பழைய பதிப்புக்கு ஒப்புதல் தருவதை நிறுத்திவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பின்னோக்கிப் போகவிடாத பூட்டு உண்டு. மீறித் திறந்தால் வங்கிச் செயலிகள் வேலை செய்ய மறுக்கும். அப்டேட்டே வேண்டாம் என்று இருக்கவும் முடியாது. திருட்டுகளைத் தடுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் அதோடு சேர்ந்துதான் வருகின்றன. வேண்டியதையும் வேண்டாததையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டு, பிரிக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது என்கிறார்கள்.

இது நம் ஊர்க்காரர்களின் கற்பனைக் குறை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. 2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 பதிப்பின் வழியாக, பேட்டரி தேய்ந்த ஐபோன் 6, 6எஸ் போன்றவற்றின் வேகத்தை ஆப்பிள் மட்டுப்படுத்தியது. திடீரென்று அணைவதைத் தடுக்கத்தான் என்பது அதன் விளக்கம். போனை வைத்திருப்பவர்களிடம் மட்டும் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் வேகச் சோதனை செய்யும் நிறுவனம் ஒன்று கணக்கை வெளியிட்ட பிறகே ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணம் 29 டாலரானது. இந்தியாவில் சுமார் 6,500 ரூபாயாக இருந்தது 2,000 ரூபாயும் வரியும் என்று இறங்கியது. அதாவது, கேட்க ஆள் இருந்தால் விலை இறங்கும்.

இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், நோட் 4 போனுக்கு அனுப்பிய அப்டேட்டுக்காக சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. அந்த ஆணையம் சுட்டிக்காட்டிய குற்றங்களை நாம் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும். விளைவு என்ன என்று போதிய அளவு சொல்லாமலே அப்டேட்டைப் போட வைத்தார்கள்; பழைய நிலைக்குத் திரும்ப வழியும் வைக்கவில்லை. வேடந்தாங்கலின் குறையும் இதே இரண்டுதான். பிரான்ஸ் 2020-ல் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் ஆப்பிள் 50 கோடி டாலர் வரை கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது.

கூகுள் போன்களின் கதை இன்னும் புதியது. 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்குத் தானாக இறங்கிய அப்டேட், குறிப்பிட்ட சில பேட்டரிகள் ஏற்கும் சார்ஜின் அளவையே கடுமையாகக் குறைத்தது. பழைய மென்பொருள் கோப்புகளையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் பிக்சல் 6ஏ. 400 சார்ஜ் சுற்றுகளைத் தாண்டிய சில போன்களில், பேட்டரி சூடேறும் ஆபத்தைக் குறைக்க அதன் திறனைக் கட்டுப்படுத்தும் அப்டேட் கட்டாயமாக வந்தது. தீப்பிடிக்கும் ஆபத்து என்றால் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இந்தப் போன்களுக்கு கூகுள் இலவச பேட்டரி மாற்றமோ இழப்பீடோ தர முன்வந்தது, பேட்டரி மாற்றித் தரும் நாடுகளில் இந்தியாவும் இருந்தது. மனம் இருந்தால் செய்ய முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. விலை குறைந்த போன் வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்களுக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

இந்தியாவிலும் ஒரு தொடக்கம் நடந்திருக்கிறது. ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன்கள் ஒழுங்காக இயங்கவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார்கள் வந்தன. அதன்பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியதாக, மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி 2025 ஜனவரியில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் ஒரு நிறுவனம், ஒரு நோட்டீஸ் என்பது போதாது. மக்களை ஏமாற்றும் இணையத் தந்திரங்கள் 13 வகை என்று பட்டியலிட்டு, அவற்றைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை 2023 நவம்பரில் வெளியிட்டது இதே ஆணையம். விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டே போன் அப்டேட்டுகளுக்கும் நெறிமுறை கொண்டுவர முடியும்.

அதில் என்ன இருக்க வேண்டும்? அப்டேட்டால் பேட்டரிக்கு என்ன ஆகும் என்பதை, அழுத்துவதற்கு முன்பே தமிழில், நாலு வரியில் சொல்ல வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் தனியாகவும் புது வசதிகள் தனியாகவும் வர வேண்டும். பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்ப, படங்களும் தொடர்புகளும் அழியாத வழி வேண்டும். அப்டேட்டால்தான் திறன் குறைந்தது என்றால், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் நிறுவனமே பேட்டரியை மாற்றித் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இதைப் போன்ற விதி இருக்கிறது. 800 சுற்றுக்குப் பிறகும் பேட்டரி 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும். மென்பொருள் அப்டேட்டால் போனின் அறிவிக்கப்பட்ட தரம், வாங்கியவரின் வெளிப்படையான சம்மதமின்றிக் குறையக் கூடாது. இந்த விதிக்குக் கட்டுப்படும் நிறுவனங்கள்தான் இங்கும் விற்கின்றன. இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2022 முதல் ஐபோன்களைப் பொருத்தி உலகத்துக்கே அனுப்புகிறார்கள். நம் பெண்பிள்ளைகள் ஷிப்ட் போட்டு உழைக்கும் மாவட்டத்தில், கெட்டுப்போன போனோடு பஸ் பிடித்து செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் அலைகிறவர்களுக்கு எழுத்தில் ஒரு ரசீது கொடுக்கக்கூட சர்வீஸ் சென்டரில் யோசிக்கிறார்கள்.

பழுதுபார்க்க எளிதான போன் எது என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கான அறிக்கை, மத்திய நுகர்வோர் விவகாரத் துறையிடம் 2025 மே மாதம் கொடுக்கப்பட்டது. மதிப்பெண்ணுக்கான அளவுகோல்களில் மென்பொருள் அப்டேட்டும் ஒன்று. அந்த மதிப்பெண்ணை போன் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். கடையில் பெட்டியைப் புரட்டிப் பார்த்து வாங்கும் மக்கள் அதையும் பார்த்து வாங்குவார்கள். மாநில அரசுக்கும் ஒரு வேண்டுகோள். அரசு வேலைக்குச் சொந்தப் போனைப் பயன்படுத்தச் சொன்னால், போன் அணைந்த நாளுக்குக் காகித வருகைப் பதிவேட்டை ஏற்க வேண்டும். பணித்தளத்துக்கு ஒரு பவர் பேங்க் கொடுப்பது ஊராட்சிக்குப் பெரிய செலவா?

இப்போதே நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. அப்டேட்டுக்கு முன் செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தையும் மென்பொருள் பதிப்பு எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீட்டில் வேறொருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். அப்டேட் முடிந்து ஒரு வாரம் கழித்து அதே பக்கத்தை மறுபடி எடுங்கள். சான்றாக நம் கையில் இருக்கப் போவது இந்த இரண்டு படங்கள்தான். சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தையோடு திரும்பாமல், 'அப்டேட்டுக்குப் பின் சார்ஜ் இறங்குகிறது' என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் செங்கல்பட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய்க்குள் விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஒரே குறை உள்ள பலர், ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் போடலாம்.

ஒரே மாடல் போன், ஒரே அப்டேட், ஒரே வாரத்தில் கெட்டது என்று ஒரு ஊரிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். தனித்தனியாக ஆளுக்கொரு பேட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறோம். வரும் கிராம சபைக் கூட்டத்தில் இதை எழுப்பி, அந்தப் பத்துப் பேரின் ஸ்கிரீன்ஷாட்டுகளோடும் ஜாப் ஷீட் நகல்களோடும் மாவட்ட ஆட்சியருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் தீர்மானமாக அனுப்புங்கள். வேடந்தாங்கல், வெள்ளப்புத்தூர், படாளம் என்று மூன்று ஊர்த் தீர்மானம் போய்ச் சேர்ந்தால் பதில் சொல்லாமல் இருப்பது அவர்களுக்கு எளிதல்ல.