நாற்பது கழிந்த பின்னும் கேட்கப்படாத கேள்வி

அண்மையில் மாவனல்லையில் எமது குடும்பக் கல்யாண வீடொன்றில் லுஹர் தொழுகைக்குப் பெண்கள் எல்லோரும் ஸப்பில் நின்றோம். என் சாச்சி மட்டும் வரவில்லை. பிறகு தனியாகக் கேட்டேன். "தும்மினா, இருமினா சிறுநீர் கசியுது மகள். வுழூ நிக்கிறதில்ல. நாலு புள்ள பெத்தா இப்படித்தான்" என்றார். பதினொரு வருடமாக இப்படியாம்.

எனக்கு அது புதிதல்ல. மூன்றாவது பிரசவத்தின் பின் எனக்கும் இதே நிலைதான் இருந்தது. வகுப்பில் உரத்துப் பேசவே பயந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

இடுப்பெலும்பின் அடியில் தொட்டில் போல அமைந்து சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குபவையே இடுப்புத்தளத் தசைகள். கர்ப்பகாலச் சுமை, பிரசவம், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குதல், மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் மாற்றம் என்பன இவற்றைத் தளர்த்துகின்றன. அதனால் சிறுநீர் கசியலாம், கர்ப்பப்பை கீழிறங்கலாம். எமது மலைச்சரிவுகளில் கொழுந்துக் கூடை சுமக்கும் தோட்டத்துச் சகோதரிகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. மிட்வைஃப் மிஸ் முதல் பத்து நாட்களுக்குள்ளும், பின்னர் ஆறு வாரமளவிலும் வீடு தேடி வருகிறார். 1996இல் ஆரம்பிக்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகள் 35, 45 வயதுப் பெண்களை விசேடமாக அழைக்கின்றன. இவ்வளவும் இலவசம். பல நாடுகளில் இல்லாத வசதி இது. ஆனால் குழந்தையின் நிறையையும் தாய்ப்பாலையும் பற்றிப் பேசும் அந்தச் சந்திப்பில், "சிறுநீர் கசிகிறதா?" என்ற ஒரு கேள்விக்கும் இடம் வேண்டும். கேட்காவிட்டால் நாமாகவே சொல்ல வேண்டும். பிரான்ஸில் பிரசவித்த தாய்மாருக்கு இத்தசைகளுக்கான பயிற்சி சமூகக் காப்புறுதிச் செலவிலேயே வழங்கப்படுகிறது.

பேசினால் மட்டும் போதாது, கேட்பவரும் வேண்டும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். இந்நோய்களுக்காகப் பொருத்தப்பட்ட செயற்கை வலையால் கடும் வலியுற்ற பெண்களின் முறைப்பாடுகள் அங்கு பல வருடங்கள் அலட்சியம் செய்யப்பட்டன. 2018இல்தான் அதன் பாவனை இடைநிறுத்தப்பட்டது. 2020இல் வெளியான கம்பர்லெஜ் அறிக்கை அந்த அலட்சியத்தைக் கண்டித்தது.

முதற் சிகிச்சை சத்திரசிகிச்சை அல்ல, பயிற்சியே. அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கீகல் 1948இலேயே இதனை எழுதிவிட்டார். வாயுவை அடக்குவது போல அத்தசைகளை உள்நோக்கி இறுக்கி, சில விநாடிகள் வைத்திருந்து, முழுமையாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பழகக் கூடாது. சரியாகச் செய்கிறோமா என்பதை பிசியோதெரபி பிரிவில் காட்டிக் கேட்பது நல்லது. கீழே ஏதோ இறங்குவது போன்ற உணர்வோ, இரத்தமோ, வலியோ இருந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

தொடர்ந்து கசிவு உள்ளவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு; விபரத்தை உலமாக்களிடம் கேட்டறியலாம். தொழுகையை விட்டுவிட இது காரணமல்ல. சலுகை இருக்கிறதே என்று வைத்தியத்தை விட்டுவிடவும் கூடாது.

பிள்ளை பெற்றால் நாற்பது நாள் வயிறு கட்டுகிறோம், மருந்து காய்ச்சிக் கொடுக்கிறோம். அந்த நாற்பதிலேயே உம்மாமார் தம் மகளிடம் இதையும் கேட்கட்டும். கணவன்மார் பாரம் தூக்கும் வேலைகளைத் தம் கையில் எடுக்கட்டும். பள்ளிவாசல் நிருவாகங்கள் மிட்வைஃப் மிஸ்ஸை அழைத்துப் பெண்களுக்கு மாத்திரம் ஓர் அமர்வு வைத்தால் பெரிய செலவாகாது.

சாச்சியை அடுத்த கிளினிக்குக்கு நானே கூட்டிச் செல்லவிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு சாச்சி இருப்பார். கேட்டுப் பாருங்கள்.