மாலையில் உயரம் குறைகிறது!

காலையில் எழுந்ததும் உங்கள் உயரத்தை அளந்து பாருங்கள். மாலையில் மறுபடியும் அளந்து பாருங்கள். 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை குறைந்திருக்கும்!

காரணம் என்ன?

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. பல எலும்புகளின் அடுக்கு. நடுநடுவே 23 வட்டுகள் மெத்தை போல் இருக்கின்றன. அவற்றில் நீர் நிறைந்திருக்கிறது. நாம் உட்கார்ந்தாலும் நின்றாலும் உடம்பின் பாரம் வட்டுகளை அழுத்துகிறது. நீர் சிறிது சிறிதாகக் கசிகிறது. வட்டு தட்டையாகிறது. இரவில் படுத்ததும் நீர் திரும்ப ஊறுகிறது. உயரமும் திரும்பி விடுகிறது.

ஆகவே பயம் வேண்டாம். ஆனால், வட்டின் நடுவில் ரத்தக் குழாய் கிடையாது. சத்து சுற்றிலும் இருந்து ஊறித்தான் வர வேண்டும். மணிக்கணக்கில் குனிந்தே உட்கார்ந்தால் வட்டுக்கு ஓய்வு ஏது?

கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் வந்தது. நல்ல காரியம். நாள் முழுவதும் தையல் எந்திரத்தின் முன் உட்காருகிறவர்களுக்கு, எழுந்து நடக்கச் சிறிது நேரம் வேண்டாமா? முதலாளிகள் அதைத் தர வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் வேலை கெட்டு விடாது. முதுகு கெட்டால் வேலையே கெட்டு விடும்!