எந்தக் கப்பலைக் கட்டுவது?

சென்ற ஞாயிறு காலை என் மாணாக்கன் ஒருவன் நோட்டுப் புத்தகமும் கையுமாக வாசலில் வந்து நின்றான். பின்னால் அவனுடைய தகப்பனார். நெய்வேலிச் சுரங்கத்தில் உத்தியோகம் பார்ப்பவர்.

"ஸார், யுத்தக் கப்பல் ஒன்று கட்டப் போகிறேன். எந்தக் கப்பல் நல்லது?" என்றான் பையன்.

சமுத்திரமே கண்ணில் படாத ஊரில் கப்பலா என்று நான் சிரித்தேன். தகப்பனார் சிரிக்கவில்லை. "இரண்டு வருஷமாகப் பண்டிகைக்கு வந்த பணத்தையெல்லாம் இவன் சேர்த்து வைத்திருக்கிறான். அது ஒரு கப்பலுக்குத்தான் காணும். தப்பான கப்பலாகப் போனால் பணத்தோடு இவன் உற்சாகமும் முழுகிவிடும். நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

விஷயம் இதுதான். 1970-களின் இறுதியில் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தில், ஒரு விநோத விளையாட்டுத் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இரண்டாம் உலக யுத்தம் வரை கட்டப்பட்ட போர்க்கப்பல்களை 144-ல் ஒரு பங்கு அளவில் செய்து, குளத்தில் மிதக்கவிட்டு, கரையில் நின்றபடி ரேடியோ அலையால் ஓட்டுகிறார்கள். கரியமில வாயுவின் அழுத்தத்தால் சிறு எஃகுக் குண்டுகள் பாய்கின்றன. கப்பலின் பக்கங்கள் மெல்லிய பால்ஸா மரத்தாலானவை. குண்டு பட்டால் துளை விழும், தண்ணீர் ஏறும், கப்பல் மெய்யாகவே முழுகும். பிறகு அதைத் தூக்கி, துளையை ஒட்டி, மறுபடியும் மிதக்க விடுவார்கள்.

பையனுக்கு ஜப்பானின் 'யமாட்டோ'வின் மேல் ஆசை. 263 மீட்டர் நீளமும் சுமார் 72,000 டன் எடையும் கொண்ட அந்த ராக்ஷசக் கப்பல், மாதிரியானாலும் 1.8 மீட்டருக்கு மேல் நீளும். 24 கிலோ கனக்கும். அதை எந்த சைக்கிளில் வைத்துக் குளத்துக்குக் கொண்டு போவது?

நான் 'எம்டன்' என்றேன். 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்த ஜெர்மானியக் கப்பல் அது. ஜனங்கள் பட்டணத்தைவிட்டு ஓடினார்கள். இன்றைக்கும் பொல்லாத கெட்டிக்காரனை 'எம்டன்' என்கிறோம் அல்லவா?

பையன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கணக்குப் போட்டான். நீளம் 144-ல் ஒன்றானால் எடையும் 144-ல் ஒன்றாகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடை ஏறக்குறைய 30 லட்சத்தில் ஒன்றாகிவிடும். எம்டன் 3,660 டன். மாதிரியின் எடை ஒன்றேகால் கிலோவுக்கும் குறைவு. அகலம் ஒன்பதரை சென்டிமீட்டர்தான். "ஸார், பாட்டரி, மோட்டார், வாயுக் குப்பி, பம்ப்பு எல்லாவற்றையும் இதற்குள் எப்படி வைப்பது?" என்றான். உபாத்தியாயர் தோற்றார், மாணாக்கன் ஜயித்தான்.

பம்ப்பின் அருமையை நெய்வேலிப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே நிலக்கரிப் படிவத்துக்கு அடியிலுள்ள ஊற்று நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் பிழைக்கும். துளைபட்ட கப்பலின் ஆயுளும் அப்படித்தான்.

ஆகையால் சண்டைக்கு இறங்குகிற புதியவன் பெயரையும் அழகையும் பார்க்கக் கூடாது. வயிற்றைப் பார்க்க வேண்டும். 1906-ல் இங்கிலாந்து வெள்ளோட்டம் விட்ட 'டிரெட்னாட்' 160 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். மாதிரி 1.1 மீட்டர் நீளத்தில் அடங்கும். ஆறு கிலோ சுமக்கும். அகலம் 17 சென்டிமீட்டர். எல்லாம் உள்ளே கொள்ளும்.

"நம்முடைய கப்பல் ஒன்றும் இல்லையா, ஸார்?" என்று பையன் சற்று வாட்டத்துடன் கேட்டான்.

ஏன் இல்லை? 1939 டிசம்பர் 13-ம் தேதி, தென்னமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு அப்பால், 'கிராப் ஸ்பீ' என்ற ஜெர்மானியக் கப்பலை எதிர்த்த மூன்று கப்பல்களில் ஒன்று 'அக்கிலீஸ்'. 1948-ல் அது நம் கடற்படையில் சேர்ந்து 'டில்லி' ஆயிற்று. 1961-ல் டையூ விடுதலை நடவடிக்கையில் பங்கு கொண்டது. 1978-ல் ஓய்வு பெற்றது. நீளம் 169 மீட்டர். அகலமோ 17 மீட்டர்தான். மாதிரி இரண்டரைக் கிலோ. பீரங்கியும் வாயுவும் ஏற்றினால் திணறும். அவை இல்லாவிட்டால் சுகமாக மிதக்கும்.

தகப்பனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எஃகுக் குண்டு கண்ணில் பட்டால் என்ன ஆவது என்றுதான் எனக்கும் கவலை" என்றார். நியாயமான கவலை. கண்ணாடிக் கவசமும் பெரியவர்களின் மேற்பார்வையும் இல்லாமல் அந்த விளையாட்டில் இறங்கலாகாது. எம்டனின் கடைசிச் சண்டையில் 130 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களை யாரும் தூக்கி ஒட்டி மறுபடி மிதக்கவிட முடியவில்லை என்பதையும் பையனிடம் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

பிறகு அவனே தீர்ப்புச் சொன்னான்: "என்னோடு சண்டை போட இங்கே இன்னொரு கப்பல் கிடையாது. முதலில் டில்லி, பீரங்கி வேண்டாம். ஓட்டிப் பழகுகிறேன். எதிராளி கிடைக்கும்போது டிரெட்னாட்." தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் கப்பல் மாதிரி செய்யும் போட்டியும் உண்டு என்று நான் சொன்னதும் அதையும் குறித்துக் கொண்டான்.

அடுத்த ஞாயிறு வெறும் கூட்டோடு வருகிறானாம். மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்த பின்புதான் மோட்டார் வாங்குவது என்று தகப்பனார் சொல்லியிருக்கிறார்.