‘குட் டச், பேட் டச்’ மட்டும் போதுமா டீச்சர்?

“பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசக் கூடாது.” பள்ளியில் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த வரி இது. அதே வகுப்பில் ஒரு நாள் ‘குட் டச், பேட் டச்’ பாடம் நடத்தி, “யாராவது தப்பா தொட்டா ‘நோ’ சொல்லு” என்கிறோம். வருஷம் முழுக்க வாயை மூடச் சொல்லிட்டு, அன்னைக்கு மட்டும் பேசுன்னா குழந்தை எப்படிப் பேசும்?

பெண்ணியக் கற்பித்தல் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான். “துப்பட்டாவை ஒழுங்கா போடு” என்று மாணவிகளுக்கு மட்டும் புத்தி சொல்வதில்லை அது. அதிகாரம் யார் கையில் இருக்கிறது, தப்பு செய்தவர் யார் என்று மாணவர்களையும் சேர்த்து யோசிக்க வைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் ஆசிரியர் போலீஸுக்குத் தகவல் தர வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். பள்ளி ஊழியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி தரச் சொல்கின்றன 2020 போக்சோ விதிகள்.

பி.எட். படிப்பில் ‘பாலினம், பள்ளி, சமூகம்’ என்ற பாடமும் இருக்கிறது. ஆனால் அது தேர்வுத்தாளோடு முடிந்துவிடக் கூடாது. ஒரு குழந்தை அழுதுகொண்டே வந்து நின்றால் என்ன செய்வது என்று பயிற்சியிலேயே பேசிப் பழக வேண்டும். “நீ ஏன் அங்க போன?” என்பதல்ல முதல் வார்த்தை. “உன் மேல தப்பு இல்ல, நான் நம்புறேன்” என்பதுதான். இதுவும் ஆசிரியர் கற்க வேண்டிய பாடம்தான்.