கலர் டிரஸ்ஸில் வரவும்

2024 டிசம்பர் 26-ம் தேதி, காலை ஏழேகால் மணி. எங்கள் அப்பார்ட்மென்ட் லிஃப்ட்டில் மூன்றாவது மாடிப் பையன் ஏறினான். ப்ளஸ் டூ படிக்கிறான். தோளில் மூட்டை மாதிரி பை. ஆனால், யூனிஃபார்ம் இல்லை. கட்டம் போட்ட சட்டை, ஜீன்ஸ்.

'லீவுதானே, எங்கேப்பா கிளம்பிட்டே? டியூஷனா?'

'ஸ்கூலுக்கு அங்கிள். ஸ்பெஷல் கிளாஸ்.'

'யூனிஃபார்ம் எங்கே?'

'கலர் டிரஸ்லதான் வரணும்னு சொல்லியிருக்காங்க. யூனிஃபார்ம்ல வந்தா வெளியில தெரிஞ்சிடுமாம்.'

லிஃப்ட் கீழே வந்தது. அவன் போய்விட்டான். நான்தான் பால் பாக்கெட்டை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

உங்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படிப் போயிருக்கலாம். அந்த வருடம் அரையாண்டு விடுமுறை டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை. மொத்தமே ஒன்பது நாள். விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது, மீறினால் நடவடிக்கை என்று கல்வித் துறை எச்சரிப்பதும், அதைப் படித்துவிட்டுப் பள்ளிகள் 'கலர் டிரஸ்ஸில் வரவும்' என்று பெற்றோருக்கு மெசேஜ் அனுப்புவதும், பொங்கலுக்குக் கரும்பு வருகிற மாதிரி வருடா வருடம் நடக்கிறது. தினமும் பிரேயரில் ஒரு குறள் சொல்லவைக்கிற பள்ளிதான் இது. வாய்மை அதிகாரத்தை மனப்பாடம் செய்யவைத்து மார்க் போடுகிற அதே கைதான், 'இன்ஸ்பெக்ஷன் வந்தா, சும்மா சந்தேகம் கேட்க வந்தோம்னு சொல்லு' என்றும் சொல்லிக்கொடுக்கிறது. அந்த ஒன்பது நாளில் பிள்ளை ஃபிசிக்ஸ் கற்றானோ இல்லையோ, சட்டத்தை எப்படி ஏமாற்றுவது என்பதைக் கற்றுக்கொண்டான்.

பள்ளியை மட்டும் திட்டிவிட்டு நான் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம். மாட்டேன். உங்களையும்தான் கேட்கிறேன். அந்த மெசேஜ் வந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள்? 'பரவாயில்லையே, அக்கறையான ஸ்கூல்' என்றுதானே நினைத்தீர்கள்? அட்மிஷன் சமயத்தில் நீங்கள் கேட்ட முதல் கேள்வியே 'ஸ்டடி ஹவர்ஸ் எத்தனை மணி வரைக்கும்?' என்பதுதானே? கடைக்காரர் கஸ்டமர் கேட்ட சரக்கைத்தான் விற்கிறார்.

இந்த வியாதிக்கு அரசாங்கம் வைத்தியம் பார்க்காமல் இல்லை. ப்ளஸ் ஒன் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே அரைத்த பள்ளிகளை வழிக்குக் கொண்டுவர, 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. பாடம் நடந்ததோ என்னவோ, பிள்ளைகளுக்குத் தொடர்ந்து மூன்று வருடம் பொதுத் தேர்வு. 2025-26 முதல் அதை எடுத்தே விட்டார்கள். 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். ஃப்ளெக்ஸ் போர்டு குறைந்ததா? ரேங்க் இருந்த இடத்தில் நீட் மார்க்கைப் போட்டு அதே மூலையில் அதே சைஸில் வைத்துவிட்டார்கள். அரசுப் பள்ளிகளை விட்டுவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அங்கே தேர்ச்சி விகிதம் என்ற கத்தி தலைமை ஆசிரியர் கழுத்தில். அவர் டீச்சர் கழுத்தில் வைக்கிறார். டீச்சர் பிள்ளை கழுத்தில். அந்த டீச்சருக்கும் வீட்டில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை உண்டு, அவளும் வேறொரு பள்ளியில் கலர் டிரஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள்.

'வீட்ல விட்டா படிக்கவா போறான்? செல்லை நோண்டிக்கிட்டு இருப்பான் சார்.' எல்லா அப்பாக்களும் சொல்வது இது. பொய் இல்லை, நோண்டத்தான் செய்வான். காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை ஜூன் மாதத்திலிருந்து ஒருவனை ஓட்டிவிட்டு, திடீரென்று கயிற்றை அவிழ்த்துவிட்டால் அவன் என்ன செய்வான்? தன் பொழுதைத் தானே நடத்துகிற பழக்கத்தை நாம் எப்போது கொடுத்தோம்? கொடுக்காமலே இருந்துவிட்டு, பதினெட்டு வயதில் காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம். முதல் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்ததும், 'ஸ்கூல்ல நல்லா படிச்சானே' என்று ஆச்சரியப்படுகிறோம். அவன் எங்கே படித்தான்? அவனைப் படிக்கவைத்தார்கள்.

லீவில் படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025-ல் ப்ளஸ் டூ தேர்வு ஆரம்பித்தது மார்ச் 3-ம் தேதி. லிஃப்ட்டில் நான் அவனைப் பார்த்த நாளிலிருந்து 67 நாள். புத்தகத்தைத் தொடாமல் இருக்க முடியாதுதான். கேள்வி, எவ்வளவு, எப்படி என்பது. எபிங்காஸ் என்ற ஜெர்மன்காரர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே உருப்போட்டுப் பார்த்து, ஒரே மூச்சில் படிப்பதைவிட நாட்களில் பிரித்துப் படித்தால் நிற்கிறது என்று 1885-லேயே எழுதிவிட்டார். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு பேர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒரு தடவை படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த டெஸ்ட்டில் மட்டும் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். நம் ஸ்பெஷல் கிளாஸ்களின் ரகசியம் இதுதான். மாலையில் வைக்கிற டெஸ்ட்டில் எல்லோரும் ஜோராக எழுதுவார்கள், மார்ச் மாதம் மண்டையைச் சொறிவார்கள்.

அப்படியானால் லீவில் காலை எழுந்ததும் இரண்டு, மூன்று மணி நேரம். ஒரு பாடம் எடுத்து, படித்து, மூடி, எழுதிப் பார்த்து, தப்பைத் தானே திருத்திவிட்டு, அப்புறம் அன்றைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது. இதில் முக்கியமானது அந்தக் கடைசி வரிதான். சாயங்காலம் கிரிக்கெட் ஆடுகிறவனை பால்கனியில் நின்று 'படிச்சாச்சா?' என்று கேட்காமல் இருப்பது. உங்களால் முடியுமா? சும்மா படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் பார்க்கட்டும். தூங்கினால் தூங்கட்டும். படித்தது மூளையில் உட்காருவதற்குத் தூக்கம் வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பாட்டியும் அதைத்தான் சொன்னாள், நாம் கேட்கவில்லை.

சின்ன வகுப்புகளின் கதை காமெடி. லீவுக்கு பிராஜக்ட். தெர்மாகோலில் எரிமலை, சோலார் சிஸ்டம், பழைய பத்திரிகையில் கத்தரித்து ஒட்டிய சார்ட். செய்வது யார்? ராத்திரி பதினொரு மணிக்கு ஃபெவிகால் கையோடு அம்மா. அதற்கும் நேரமில்லாத அம்மாக்களுக்காக ஸ்கூல் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் ரெடிமேட் எரிமலையே கிடைக்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. 'அது ஹோம்வொர்க் இல்லீங்க, ஆக்டிவிட்டி' என்று பெயரை மாற்றினால் ஆயிற்று. 1993-லேயே யஷ்பால் கமிட்டி, பையின் சுமையைவிடப் புரியாத பாடத்தின் சுமைதான் பெரிது என்று எழுதிக் கொடுத்தது. முப்பது வருடத்தில் பையையும் குறைக்கவில்லை, மற்றதையும் குறைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லீவு விட்டதும் ஜவுளிக் கடையில் துணி மடிக்கவும், மெக்கானிக் ஷெட்டில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கவும் போகிற பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படிக்கவும் நேரமில்லை, ஆடவும் நேரமில்லை. அவர்களைக் காட்டி, 'நீ எவ்வளவு அதிர்ஷ்டசாலி பார்' என்று நம் பிள்ளையிடம் சொல்வது அசிங்கம். இரண்டு பேரிடமிருந்தும் பறிபோவது ஒரே ஒன்பது நாள்தான்.

அந்தப் பையனை மறுபடி 28-ம் தேதி சனிக்கிழமை பார்த்தேன். அவனுக்கு ஊர் தேனிப் பக்கம். பாட்டி அங்கே தனியாக இருக்கிறார். இரண்டு நாள் போய்விட்டு வரலாம் என்று வீட்டில் ஒருவழியாக ஒப்புக்கொண்டார்களாம். ஆனால், ஸ்கூலில் லீவ் லெட்டர் கேட்கிறார்கள். லீவில் லீவு போட லெட்டர்!

'என்ன காரணம் எழுதறதுன்னு தெரியல அங்கிள்' என்றான்.

'உண்மையை எழுதேன். பாட்டியைப் பார்க்கப் போறேன்னு.'

சிரித்தான். 'பார்க்கப் போறேன்னா விடமாட்டாங்க அங்கிள். பாட்டி செத்துட்டாங்கன்னாதான் விடுவாங்க.'