நம்பர் எங்களுக்கு, அர்த்தம் கம்பெனிக்கா?

எங்கள் பக்கம் செயின் போட்ட மண் வெட்டும் வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதற்குப் பெயர் ஹிட்டாச்சிதான். கிணறு தூர் வார, பண்ணைக்குட்டை வெட்ட, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க, வாய்க்கால் பறிக்க எல்லாத்துக்கும் அதுதான் வரணும். ஐப்பசி மழைக்கு முந்தின ஒரு மாசம் சுற்றுவட்டாரம் முழுக்க அதற்குக் காத்திருக்கும். அந்த மாசத்தில் வண்டி மூணு நாள் படுத்தால் வண்டிக்காரருக்கு வாடகை போச்சு, தவணை மட்டும் நிற்காது. எங்களுக்கு ஒரு வருஷத் தண்ணி போச்சு.

"இப்பத்தான் எல்லா வண்டியிலயும் கம்ப்யூட்டர் இருக்கே, என்ன கோளாறுன்னு அதுவே காட்டிடுமே" என்று நகரத்து நண்பர்கள் கேட்கிறார்கள். காட்டும் சார். நம்பரைக் காட்டும். அர்த்தத்தைக் காட்டாது. என் கோபம் அந்த இடத்தில்தான்.

கொஞ்சம் உள்ளே போவோம். டீசல் இன்ஜின்களில் பெரும்பாலும் ஜே1939 என்கிற பொது முறைப்படிதான் எரர் கோடு வரும். அதில் ரெண்டு பகுதி. எஸ்.பி.என். என்பது எந்த இடம் என்று சொல்லும், எஃப்.எம்.ஐ. என்பது என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். 100 என்றால் இன்ஜின் ஆயில் பிரஷர். 110 என்றால் கூலன்ட் சூடு. 100க்குப் பக்கத்தில் 1 வந்தால் ஆயில் பிரஷர் நிஜமாகவே ரொம்பக் குறைஞ்சிருக்கு, உடனே இன்ஜினை நிறுத்து என்று அர்த்தம். அதே 100க்குப் பக்கத்தில் 3 வந்தால் சென்சார் லைனில் வோல்டேஜ் ஏறிக்கிடக்கு, 4 வந்தால் இறங்கிக்கிடக்கு. இந்த ரெண்டும் பெரும்பாலும் வயர், கனெக்டர், இல்லாட்டி சென்சார் சமாச்சாரம். ஒண்ணு இன்ஜினையே தின்னுடும், இன்னொண்ணு ஒரு வயர்த் துண்டில் முடிஞ்சிடும். வித்தியாசம் கடைசி ஒரு எண்ணில். இதை ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் ஹைட்ராலிக் பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு கோடு வைத்திருக்கிறது. அந்தப் புத்தகம் வண்டி வாங்கினவர் கைக்கு வருவதில்லை.

அதனால் என்ன நடக்கிறது? போன வருஷம் எங்கள் குட்டை வேலையில் நின்ற வண்டிக்கு ரெண்டு நாள் கழித்து சர்வீஸ் ஆள் வந்தார். லேப்டாப்பை மாட்டினார், பம்ப் பிரஷர் சென்சார் என்றார், புதுசு போட்டு பில் கொடுத்தார். மறுநாள் காலை அதே கோடு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு மல்டிமீட்டரோடு வந்தார். சென்சார் பிளக்கில் 5 வோல்ட் வருதா, எர்த் சரியா இருக்கா என்று பார்த்தார். வயரைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பார்த்தார். கிளாம்ப் கழன்று, வயர் இரும்பில் உரசித் தோல் போயிருந்தது. பழைய சென்சார் நல்லாத்தான் இருந்தது.

அவர் செய்தது மந்திரம் இல்லை. ஒரே மாதிரி ரெண்டு சென்சார் இருந்தால் மாற்றி மாட்டிப் பார்க்கணும். கோடு கூடவே நகர்ந்தால் சென்சார் கெட்டது, நகராவிட்டால் வயர். நாலைந்து சென்சார் ஒரே நேரத்தில் கோடு காட்டினால் எல்லாமே ஒண்ணாகக் கெட்டிருக்காது, எல்லாத்துக்கும் போகிற அந்தப் பொது 5 வோல்ட் லைனை எங்கேயோ ஒண்ணு இழுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் வோல்டேஜ் திரும்புது என்று பார்த்தால் போதும். கோடு என்பது சுற்றைச் சொல்கிறது, குற்றவாளியைச் சொல்லவில்லை. கோடு வந்ததும் சென்சாரை மாற்றுவது வைத்தியம் இல்லை, வியாபாரம்.

கம்பெனிக்காரர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். கண்டவன் கை வைத்தால் ஆபத்து, புகைக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுவான் என்று. அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. ஆனால் நாங்கள் இன்ஜின் புரோகிராமை மாற்றக் கேட்கவில்லை. கோட்டின் அர்த்தம், வயரிங் படம், எந்த சென்சாருக்கு எத்தனை வோல்ட் என்கிற அட்டவணை, இவ்வளவுதான் கேட்கிறோம். இது தெரியாமல் கை வைப்பதுதான் ஆபத்து. 100-1ஐயும் 100-4ஐயும் ஒரே மாதிரி நினைத்து வண்டியை ஓட்டுகிற ஆபரேட்டரைவிடப் பெரிய ஆபத்து எது?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகளும் அதில் ஒரு பிரிவு. அதே டிசம்பரில் இணையதளம் வந்தது. நல்லது. ஆனால் இணையதளம் சட்டம் ஆகாது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023ல் விவசாய இயந்திரங்களுக்குச் சட்டமே போட்டு, 2024 ஜனவரி 1 முதல் கையேடு, பாகம், மென்பொருளை விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தரச் சொல்லிவிட்டது. இங்கே டிராக்டருக்கே அப்படி ஒரு சட்டம் இல்லாதபோது, ஹிட்டாச்சியை விவசாயக் கருவி என்று யார் எண்ணுவார்கள்? எங்கள் குட்டையை வெட்டுவது அதுதான் என்பது டெல்லிக்கு எப்படித் தெரியும்?

உங்கள் செல்போன் டிஸ்ப்ளேவைத் தெருமுனைக் கடையில் மாற்ற முடியலைன்னா நீங்கள் கோபப்படுகிறீர்கள், நியாயம்தான். அந்தக் கோபத்தில் கொஞ்சத்தை எங்கள் பக்கமும் திருப்புங்கள். பழுதுபார்க்கும் உரிமை பற்றி எங்கே பேசினாலும் போனோடு நிறுத்தாமல் மண் வெட்டும் வண்டியையும் சேர்த்துப் பேசுங்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கின வண்டி தன் சொந்தக்காரனிடம் புரியாத பாஷையில் பேசக்கூடாது.