படம் வருகிறது, ரிமோட் ஏன் வேலை செய்யவில்லை?

டிவியின் ரிமோட்டை வைத்தே, எச்டிஎம்ஐ கேபிளில் அதனோடு இணைந்திருக்கும் மீடியா பிளேயரையும் இயக்கும் ஏற்பாட்டுக்கு சிஇசி என்று பெயர். ஆண்ட்ராய்டு பாக்ஸ், டிவியின் பின்னால் செருகும் ஸ்டிக், ராஸ்ப்பெரி பை, ப்ளூ-ரே பிளேயர் என எல்லாவற்றுக்கும் அது பொது. 2002 டிசம்பரில் வெளியான முதல் எச்டிஎம்ஐ விதிமுறையிலேயே இடம்பெற்றுவிட்டது. இருந்தும் நேற்றுவரை கேட்ட ரிமோட் இன்று கேட்காமல் போவதும், ஒரு வீட்டில் ஒழுங்காக ஓடும் பாக்ஸ் அடுத்த வீட்டு டிவியில் அடம்பிடிப்பதும் இன்னும் ஓயவில்லை. கடையில் கொண்டுபோய்க் காட்டினால் "பாக்ஸ் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிடுவது எளிது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருபவருக்கு அந்தப் பதிலால் பாக்ஸின் விலையோடு ஒரு நாள் கூலியும் போகிறது. பல நேரங்களில் பாக்ஸில் கோளாறே இருப்பதில்லை.

எச்டிஎம்ஐ முனையில் 19 பின்கள் உண்டு. படமும் ஒலியும் முதல் 12 பின்கள் வழியே போகின்றன. ரிமோட்டின் கட்டளை போவது 13ஆவது பின்னில், ஒற்றைக் கம்பியில். ஆகவே படம் தெளிவாக வருகிறது என்பதால் ரிமோட்டின் பாதையும் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 'படம் வருதே, கேபிள் நல்லாத்தான் இருக்கு' என்ற முடிவில்தான் பலருடைய தேடல் தவறான திசையில் தொடங்குகிறது.

அந்தக் கம்பியின் வேகமும் மிகக் குறைவு. நொடிக்குச் சுமார் 400 பிட்தான். ஒரு பொத்தானை அழுத்திய செய்தி மூன்று பைட் கொண்டது. தொடக்க அடையாளத்தையும் சேர்த்தால் போய்ச்சேர ஏறக்குறைய 77 மில்லிநொடி ஆகும். விரலை எடுத்ததைச் சொல்லும் செய்திக்கு இன்னும் 50 மில்லிநொடிக்குச் சற்று மேல். இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளும் இந்த ஒரே கம்பியைத்தான் பகிர்கின்றன. கல்வராயன் மலைப்பாதையின் குறுகலான வளைவில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவதுபோல, ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். சவுண்ட்பார், செட்டாப் பாக்ஸ், ஸ்டிக் மூன்றும் மாட்டிய டிவியில் அம்புக்குறியை வேகமாக அழுத்தினால் ஓரிரண்டு அழுத்தங்கள் விழாமல் போவதற்கு இதுவே காரணம். ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிப் பயனில்லை.

கட்டளை சரியான கருவிக்குப் போக முகவரி வேண்டும். டிவியின் முதல் துளையில் செருகிய கருவிக்கு 1.0.0.0, இரண்டாம் துளையில் செருகியதற்கு 2.0.0.0 என்று டிவி முகவரி தருகிறது. இதைத் தவிர, 'நான் பிளேயர்', 'நான் டியூனர்' என்று ஒவ்வொரு கருவியும் தனக்கொரு எண்ணை எடுத்துக்கொள்கிறது. டிவிக்கு எப்போதும் 0. பிளேயர்களுக்கென்று ஒதுக்கிய எண்கள் 4, 8, 11 ஆகிய மூன்றே. கடைசியாக, பிளேயர் 'இப்போது திரையில் ஓடுவது நான்தான்' என்று அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு வந்த பிறகே டிவி தன் ரிமோட்டின் பொத்தான்களை அதற்கு அனுப்பத் தொடங்கும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் படம் ஓடும், ரிமோட் ஊமையாகிவிடும்.

சரிபார்ப்பதை அமைப்புகளில் தொடங்க வேண்டும்; காசு செலவில்லாதது அதுதான். சிக்கல் என்னவென்றால் சிஇசி என்ற பெயரைப் பல டிவிகளின் மெனுவில் தேடினாலும் கிடைக்காது. சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது. சோனியில் பிராவியா சிங்க், பானசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க். பொதுவான ஒரு தரத்துக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் சூட்டியதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் இல்லை. எல்லாக் கருவியையும் ஒரே கம்பெனியில் வாங்க வைக்கும் விற்பனை உத்தி அது. டிவியில் இதை இயக்கினால் மட்டும் போதாது, பிளேயரின் அமைப்புகளிலும் தனியே இயக்க வேண்டும். டிவியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபின் இந்த அமைப்பு அணைந்திருக்கவும் கூடும். 'நேற்றுவரை நல்லாத்தான் இருந்தது' என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

அடுத்தது மின்சாரம். கரண்ட் போய் வந்ததும் டிவியும் பிளேயரும் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. பிளேயர் முகவரி கேட்கும் கணத்தில் சில டிவிகள் பதில் சொல்லும் நிலைக்கு வந்திருப்பதில்லை. முகவரி கிடைக்காத பிளேயர் படத்தை மட்டும் அனுப்பிக்கொண்டு சும்மா இருந்துவிடும். ரிமோட்டில் அணைத்துப் போடுவது இதற்கு மருந்தாகாது. ஸ்டாண்ட்பை நிலையிலும் சிஇசி பகுதி விழித்தே இருப்பதால் பழைய தவறான முகவரி அழியாது. இரண்டையும் பிளக்கிலிருந்து பிடுங்கி, எச்டிஎம்ஐ கேபிளையும் கழற்றிச் சில நிமிடங்கள் விட வேண்டும். பிறகு கேபிளைச் செருகி, முதலில் டிவியை மட்டும் போட்டு, அது முழுதாக விழித்தபின் பிளேயருக்கு மின்சாரம் தர வேண்டும். திடீரென நின்றுபோன ரிமோட்டுகளில் பல இந்த ஒரே செயலில் திரும்பிவிடும்.

ஸ்டிக் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்தே அதற்கு மின்சாரம் எடுத்தால், டிவி அணையும்போது பல மாடல்களில் ஸ்டிக்கும் செத்துவிடும். செத்த ஸ்டிக்கால் டிவியை எழுப்ப முடியாது. மறுபடி டிவியைப் போட்டாலும், ஸ்டிக் எழுந்து தன்னை அறிவிப்பதற்குள் டிவி வேறு துளைக்குத் தாவியிருக்கும். ஸ்டிக்கோடு வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டினால் தொல்லை தீரும்.

இதற்கும் மசியவில்லை என்றால் கேபிளையும் துளையையும் பார்க்க வேண்டும். மற்ற எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு, டிவியும் ஒரு பிளேயரும் மட்டும் நேரடியாக இணைந்த நிலையில் சோதிப்பதே நம்பத்தக்க முறை. அப்போது ரிமோட் கேட்டால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக் குறுக்கே நிற்பதைக் கண்டுபிடிக்கலாம். மலிவான ஸ்பிளிட்டர்களும் ஸ்விட்ச்சுகளும் 13ஆவது பின்னை அப்படியே துண்டித்துவிடுவது உண்டு. மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்தக் கம்பியே இருக்காது. கேபிளை மாற்றியும் கேட்கவில்லை என்றால் டிவியின் அடுத்த துளையில் செருகிப் பார்க்க வேண்டும். இடி மின்னலின்போது டிஷ் ஒயர் வழியே பாயும் மின்னெழுச்சி செட்டாப் பாக்ஸைத் தாண்டி எச்டிஎம்ஐ துளையையும் தாக்கும். சிஇசி சுற்று மட்டும் கருகி, படப்பாதை பிழைத்துக்கொள்வதும் நடக்கும். கேபிள்காரரின் ஒயர் எட்டாமல் டிஷ்ஷையே நம்பியிருக்கும் மலைச் சிற்றூர்களில், மழைக்காலத்துப் புகார் என்றால் இந்தச் சந்தேகம் முதலில் எழ வேண்டும்.

டிவி ரிமோட் கட்டாயம் கேட்காத இணைப்பும் ஒன்று உண்டு. 2006 செப்டம்பரில் தொடங்கித் தமிழக அரசு வீடுவீடாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளில் எச்டிஎம்ஐ கிடையாது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளைச் செருகும் ஏவி துளைகள்தான். அத்தகைய பழைய டிவிகளில் ஸ்டிக்கை மாட்ட ஒரு கன்வெர்ட்டர் விற்கிறது. படத்தை அது மாற்றித் தரும். டிவியிலிருந்து பிளேயருக்குக் கட்டளை திரும்பிப் போக ஏவி ஒயரில் வழியே இல்லை. அங்கே எந்த அமைப்பை மாற்றினாலும் பலன் இராது, இரண்டு ரிமோட்தான்.

அம்புக்குறியும் ஓகேயும் வேலை செய்து, ஹோம் அல்லது மெனு மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது கோளாறே அல்ல. எந்தப் பொத்தானைப் பிளேயருக்கு அனுப்புவது, எதைத் தன்னிடமே வைத்துக்கொள்வது என்பது டிவி கம்பெனியின் முடிவு. ராஸ்ப்பெரி பையில் கோடி (Kodi) என்ற மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இதில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. வந்து சேரும் பொத்தானுக்கு வேறு வேலை கொடுத்துக்கொள்ளலாம்.

நேர்மாறான புகாரும் வருகிறது: நள்ளிரவில் டிவி தானாக எழுவது, டிவியை அணைத்தால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் பாக்ஸும் அணைவது. புதுப்பிப்புக்காகத் தானே விழிக்கும் பிளேயர் 'திரையில் நான்தான்' என்று அறிவிப்பதால் முதலாவது நிகழ்கிறது. டிவி எல்லாருக்கும் பொதுவாக 'உறங்கு' என்று சொல்வதால் இரண்டாவது. இதற்காக சிஇசியை முழுவதும் அணைப்பவர்கள், டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே வெளியே அனுப்பும் ஏஆர்சி துளையில் மாட்டிய சவுண்ட்பாரில் ஒலி நின்றுபோனதைக் கண்டு திகைப்பார்கள். ஏஆர்சியைத் தொடங்கிவைப்பதே சிஇசி கட்டளைதான். தானாக எழுதல், தானாக அணைதல் என்னும் உட்பிரிவுகளை மட்டும் நிறுத்துவது நல்லது.

இத்தனை குழப்பத்துக்கும் வேர் விதிமுறையிலேயே இருக்கிறது. 13ஆவது கம்பி இருக்க வேண்டும் என்பது கட்டாயம். அதில் கருவி பேச வேண்டும் என்பது விருப்பம். பேசினாலும் எத்தனை கட்டளைகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதும் கம்பெனியின் விருப்பம். டிவி பெட்டியின் அட்டையில் அங்குலமும் பிக்சல் கணக்கும் பெரிதாக இருக்கும். எந்த ரிமோட் பொத்தான்கள் வெளிக்கருவிக்குப் போகும் என்ற விவரம் இருக்காது. இந்தியத் தர நிர்ணய அமைவனம், செட்டாப் பாக்ஸ் இல்லாமலே இலவசச் சேனல்களைப் பிடிக்கும் டியூனர் உள்ளமைந்த டிவிகளுக்கு ஐஎஸ் 18112:2022 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. அத்தகைய டிவிகள் மலையூர்களுக்கு வந்து சேர்ந்தால் இலவசச் சேனல் பார்ப்பதற்காவது ஒரு பெட்டியும் ஒரு ரிமோட்டும் குறையும். அதே அமைவனம் சிஇசியின் பொதுப்பெயரையும் ஏற்கும் கட்டளைகளின் பட்டியலையும் அட்டையில், தமிழிலும், அச்சிடச் சொல்வது நியாயமானது. அதுவரை, டிவியும் பாக்ஸும் வெவ்வேறு கம்பெனி என்றால், பணம் கட்டும் முன் கடையிலேயே இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள்; டிவி ரிமோட்டில் அம்புக்குறி, ஓகே, பேக் மூன்றையும் அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.